ஆஸ்பிரின் குடலைப் புண்ணாக்கியதா? ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

வணக்கம், குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 67 வயது, ரப்பர் பால்வெட்டுதான் வேலை. ஸ்டென்ட் வைத்த பிறகு ஏழு வருடமாகத் தினமும் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம். விடிவதற்குள் தோட்டம் முழுக்க வெட்டி முடிப்பவர், இப்போது இருபது மரம் தாண்டினாலே கத்தியை மடியில் வைத்துக்கொண்டு வேர்மேல் உட்கார்ந்துவிடுகிறார்.

ஹீமோகுளோபின் 9.1, ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) 8; இரண்டுமே குறைவு. எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி இரண்டிலும் ஒன்றுமில்லை. மலத்தில் ரத்தக்கசிவு மட்டும் பாசிட்டிவ்.

"அதான் அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை கூடவே போடுறாரே" என்றேன். அது இரைப்பையைத்தான் காக்கும், சிறுகுடலை அல்ல என்றார் டாக்டர். எனக்கு இது புதுச் செய்தி. ஆஸ்பிரின் புண்தான் என்று அடித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் இல்லையாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், ஆல்புமின் குறைவதெல்லாம் மறைமுக அடையாளம்தான். சிறுகுடலின் நிலையைக் காட்டும் சிட்ருலின் என்ற அமினோ அமிலத்தின் அளவை ரத்தத்தில் பார்ப்பது பெரும்பாலும் ஆராய்ச்சியோடு சரி. அடுத்து கேப்சூல் எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த மாத்திரையை விழுங்கிச் சிறுகுடலைப் படமெடுப்பது என்கிறார்.

நாகர்கோவிலில் யாராவது அதைச் செய்திருக்கிறீர்களா, இல்லை திருவனந்தபுரம்தான் போகணுமா? செலவு எவ்வளவு ஆனது? மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்த்தவர்கள் இருந்தால், அது உதவியதா என்றும் சொல்லுங்கள்.

அப்புறம், "மாத்திரையை நிறுத்திப் பாருங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்டென்ட் இருப்பதால் இதய டாக்டரைக் கேட்காமல் அதில் கைவைக்க மாட்டோம்.