அரிவாள் செல் நோய்: தங்கையின் மஜ்ஜை அண்ணனுக்குப் போதுமா?

கேள்வி | பந்தலூர் களப்பணி

பணியர் பழங்குடிக் குடியிருப்பில் 9 வயதுப் பையன், 24 கிலோ. அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து உடையும் பரம்பரை ரத்த நோய்). நெருக்கடியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை அக்யூட் செஸ்ட் (நுரையீரலைத் தாக்கும் நெருக்கடி). தங்கைக்கு 6 வயது, 18 கிலோ, எச்.எல்.ஏ. (திசு அடையாளம்) முழுசாகப் பொருந்துகிறது. ஆனால் அவள் கேரியர் (ஒரு பிழை மரபணு மட்டும் உண்டு, நோய் இல்லை). அண்ணனுக்கு மஜ்ஜை கொடுக்கலாமா? எவ்வளவு எடுப்பார்கள்? அம்மா மறுபடி கர்ப்பம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி ஒரு முகவர் வந்துபோகிறார். கோவைக்கு எந்த வழியாகக் கூட்டிப்போவது நல்லது?

பதில் 1 | மஜ்ஜை வார்டு

கேரியர் தாராளமாகக் கொடுக்கலாம். பையனின் எடையில் கிலோவுக்கு 30 கோடி உட்கருச் செல்கள் வேண்டும் என்று வைத்தால் மொத்தம் 720 கோடி. மஜ்ஜையில் மில்லிக்குச் சுமார் 2 கோடி கிடைக்கும், ஆக 360 மில்லி. கொடுப்பவரிடம் கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் எடுக்கக் கூடாது. தங்கைக்கு அதுவும் 360 தான். விளிம்பில் நிற்கிறது. அவள் உடல் ரத்தத்தில் கால்பங்குக்கும் மேல் அது. அதனால் இப்போதே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு) பார்த்து இரும்புச்சத்து தொடங்குங்கள். அவளுக்கு ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிரூட்டிய ரத்தம்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் தந்தவரின் லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) மஜ்ஜையோடு சேர்ந்து பையனுக்குள் போய்விடும்.

பதில் 2 | ரத்தவியல்

சிக்கல் பெரும்பாலும் பையன் பக்கம்தான். முன்பு நிறைய ரத்தம் ஏற்றியிருந்தால் உடல் புது மஜ்ஜையைத் தள்ளிவிடலாம், அதற்காகத்தான் ஏ.டி.ஜி. என்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. மஜ்ஜை மாற்றுக்கு முன் எக்ஸ்சேஞ்ச் (பழைய ரத்தத்தை எடுத்து நல்ல ரத்தம் ஏற்றுவது) செய்து ஹெச்.பி.எஸ்-ஐ (அரிவாள் ஹீமோகுளோபின்) 30 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவார்கள். இந்த நோயில் மூளை நாளங்கள் ஏற்கெனவே நலிந்திருக்கும், அதோடு பழைய மஜ்ஜையை அழிக்கும் பியூசல்ஃபானும் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரினும் சேர்ந்தால் வலிப்பு வரலாம். வலிப்புத் தடுப்பு மருந்து, பிளேட்லெட் 50,000-க்கு மேல், மக்னீசியம், ரத்த அழுத்தம் என நான்கையும் விடாமல் கவனிக்க வேண்டும். பியூசல்ஃபான் பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றையும் பாதிக்கலாம். கையெழுத்து வாங்கும் நாள்வரை வைத்திருக்காமல் முதல் சந்திப்பிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

தங்கையின் செல்கள் முழுசாகப் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. மஜ்ஜையில் 20 சதவீதம் அவளுடையதாக நிலைத்தாலே போதும். நல்ல சிவப்பணு 120 நாள் வாழும், அரிவாள் சிவப்பணு 10–20 நாளில் உடைந்துவிடும். அதனால் ரத்தத்தில் நல்லவையே மிஞ்சும்.

பதில் 3 | தேவாலா செவிலியர்

முகவரிடம் பணம் கட்ட வேண்டாம். ஒரு குழந்தைக்கு நோய் இருந்தால் அதன் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே மரபணுப் பிழைதான் இருக்கும். பெற்றோர் இருவரும் கேரியர் என்றால், பிறக்கப்போகும் பிள்ளை நோயில்லாமலும் அண்ணனுக்குப் பொருந்தியும் இருக்க வாய்ப்பு 16-ல் 3. பொருந்தும் தங்கை கையிலேயே இருக்கிறாள். அந்தக் கர்ப்பத்துக்கு இப்போது தேவை மரபணுப் பரிசோதனை.

இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில், 1952-ல், கண்டுபிடித்ததே இந்த நீலகிரி மலையில்தான். அடுத்த நெருக்கடி வரட்டும் என்று இனியும் காத்திருக்கக் கூடாது. தலைக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்து, மூளை நாளத்தில் ரத்தம் ஓடும் வேகம் விநாடிக்கு 200 செ.மீ.-ஐத் தொட்டால் அன்றே மஜ்ஜை மாற்று மையத்துக்குச் சொல்லுங்கள்.

ஊட்டி வழி வேண்டாம். 2,240 மீட்டர் உயரம், குளிர், ஆக்சிஜன் குறைவு. மூன்றுமே செல்லை வளைக்கும். நாடுகாணி இறங்கி நிலம்பூர், பெரிந்தல்மண்ணை, பாலக்காடு வழியாகப் போங்கள். வண்டியில் மணிக்கொரு தடவை தண்ணீர் கொடுங்கள், ஸ்வெட்டரைக் கழற்ற விடாதீர்கள்.