பழைய யெஸ்டி ஃபிரேம்: பெயிண்டுக்கு முன்னால் கையாலேயே என்னென்ன செய்யலாம்?

ஏற்காட்டு மிளகு:
அப்பா ஓட்டிய யெஸ்டி ரோட்கிங் பைக்கை முழுதாகப் பிரித்து ஃபிரேமைத் தனியே எடுத்துவிட்டேன். யாரோ பிரஷ்ஷாலேயே அடுக்கடுக்காக அடித்த கறுப்பு பெயிண்ட், சென்டர் ஸ்டாண்ட் மாட்டும் இடத்திலும் பேட்டரி பெட்டிக்குக் கீழேயும் துரு கொப்பளித்திருக்கிறது. கிரைண்டரோ கம்ப்ரஸரோ கிடையாது. கம்பி பிரஷ், உப்புத்தாள், ஒரு ஸ்கிரேப்பர், அவ்வளவுதான். சேலத்துக்கு இறக்கி சாண்ட் பிளாஸ்ட் (மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை எடுப்பது) கொடுத்துவிடு என்கிறார்கள், ஆனால் அப்பா வண்டி, என் கையாலேயே செய்ய ஆசை. இங்கே ஐப்பசியில் பாதி நாள் மூட்டம்தான், சுரண்டிய இரும்பு மறுநாளே சிவந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

அஸ்தம்பட்டி பெயிண்டர்:
தாராளமாகக் கையாலேயே செய்யலாம் தம்பி, பொறுமை வேண்டும். முதலில் மண்ணெண்ணெய் போட்டு கிரீஸ் பிசுக்கை எடுங்க, அதை விட்டுவிட்டுத் தேய்த்தால் எண்ணெயை இரும்புக்குள்ளேயே தேய்த்து ஏற்றுவீங்க. அப்புறம் பெயிண்ட் ரிமூவர் தடவி, பெயிண்ட் சுருங்கி எழும்பியதும் ஸ்கிரேப்பரால் வழித்துவிடுங்க. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், காற்றோட்டமான இடமாகவும் இருக்கணும். துருவுக்கு 80 நம்பர் தாள், பிறகு 120, கடைசியில் 220 போதும். ரொம்ப வழவழப்பாக்காதீங்க, பிரைமர், அதாவது பெயிண்டுக்குக் கீழே அடிக்கும் முதல் பூச்சு, பிடிக்கக் கீறல் வேண்டும். குழாய் சேரும் மூலைகளில் பிரஷ் போகாது. எமரி துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, குழாயைச் சுற்றிப் போட்டு, தயிர் கடைகிற மாதிரி இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுங்க.

மூட்டத்துக்கு வழி ஒன்றுதான்: வெறும் இரும்பை ராத்திரி தாண்ட விடக்கூடாது. முழு ஃபிரேமையும் ஒரே மூச்சில் சுரண்டாமல், அன்றைக்கு முடிகிற பகுதியை மட்டும் சுரண்டி, தண்ணீர் படாமல் தின்னர் துணியால் துடைத்து, வெயில் இருக்கும்போதே பிரைமர் அடித்துவிடுங்க. ரெட் ஆக்ஸைடு பிரைமர் மட்டும் அடித்து மாதக்கணக்கில் போட்டு வைக்காதீங்க, அது ஈரத்தை முழுசாகத் தடுக்காது. மேல் கோட்டும் சீக்கிரம் ஏறணும்.

செவ்வாய்ப்பேட்டை ரைடர்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. சேஸிஸ் நம்பர் குத்திய இடத்தில் 80 நம்பர் தாளைக் கொண்டே போகாதீங்க, பட்டியும் பார்க்காதீங்க. ஆர்சி புதுப்பிக்கப் போனால் அந்த எண்களைத்தான் பார்ப்பார்கள், மழுங்கியிருந்தால் பெரிய அலைச்சல். ரிமூவரும் மெல்லிய கம்பி பிரஷ்ஷும் போதும். கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) உட்காரும் இடம், மரையுள்ள ஓட்டைகள், எர்த் வயர் மாட்டும் இடம் மூன்றிலும் பெயிண்ட் போகக்கூடாது. மரைக்குள் பழைய போல்ட்டைத் திருகி வைத்தால் தீர்ந்தது.

துரு கொப்பளித்த இடத்தை ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்க. உள்ளே போனால் குழாய் அரித்துவிட்டது, வெல்டிங் வைக்காமல் பெயிண்ட் அடிப்பது ஆபத்து. ஸ்டாண்ட் பக்கம் எனக்கு அதுதான் கவலை.

ஏற்காட்டு மிளகு:
குத்திப் பார்த்தேன் அண்ணா, கெட்டியாக இருக்கிறது. ரெட் ஆக்ஸைடு மேல் 2கே கறுப்பு (ஹார்டனர் கலந்து இறுக வைக்கும் பெயிண்ட்) அடிக்கலாமா?

அஸ்தம்பட்டி பெயிண்டர்:
வேண்டாம் தம்பி. 2கே தின்னர் காரமானது, ரெட் ஆக்ஸைடு சுருங்கித் தோலாக எழும்பிவிடும். 2கே என்றால் கீழே எபாக்ஸி பிரைமர், ரெட் ஆக்ஸைடு என்றால் மேலே சாதாரண எனாமல். எபாக்ஸிக்கு ஹார்டனரை டப்பாவில் எழுதியிருக்கும் அளவுப்படி கலக்குங்க, கண்ணளவில் ஊற்றினால் காயாது. குளிரிலும் இறுக நேரம் எடுக்கும், அதனால் அடிக்கும் அன்றைக்கு மட்டும் ஃபிரேமை அடிவாரத்துக்கு இறக்கிவிட முடிந்தால் இன்னும் நல்லது.