கட்டட அனுமதிக் கடிதத்தில் ‘அபிவிருத்திச் சேவைக் கட்டணம்’: எதற்காகக் கேட்கிறார்கள்?

ஹட்டன் பக்கத்து டீச்சர்:
வணக்கம். மூன்றரை ஏக்கர் பழைய தோட்டக் காணியை ஒருவர் துண்டு துண்டாகப் பிரித்து விற்றபோது, அதில் 12 பேர்ச் வாங்கினேன். கீழே இரண்டு கடை, மேலே நாங்கள் குடியிருக்க வீடு என்று வரைபடம் போட்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையையும் சேர்த்து உள்ளூராட்சி சபையில் கொடுத்துவிட்டேன். போன வாரம் கடிதம் வந்தது. வழக்கமான வரைபடக் கட்டணத்துக்குக் கீழே ‘அபிவிருத்திச் சேவைக் கட்டணம்’ என்று இன்னொரு வரி. தொகை என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். எதற்கு என்று ஒரு சொல் இல்லை. போய்க் கேட்டால் “எல்லோரும் கட்டுகிறார்கள்” என்கிறார்கள்.

கட்டணம் கட்ட மனமில்லாமல் கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கைக்கு வடிகான் கிடையாது. ஒரு மணி நேரம் மழை பிடித்தால் போதும், சிவப்புத் தண்ணீர் ஒழுங்கையோடு இறங்கிக் கீழே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயனின் கடைசிக் காம்பரா வாசலில் போய் விழுகிறது. அங்கே ஒரு பாட்டி உரச் சாக்குகளில் மண்ணைக் கட்டி வாசற்படியில் அடுக்கியிருக்கிறார். மழை விட்டதும் தேங்காய்ச் சிரட்டையால் சேற்றை வழித்து வெளியே கொட்டுகிறார். முன்பு தேயிலைச் செடியும் மண்ணும் குடித்த தண்ணீர் அது. இப்போது எங்கள் கூரைகளிலிருந்தும் கொங்கிறீட் முற்றங்களிலிருந்தும் ஓடுகிறது. இந்தப் பணம் வடிகானுக்குத்தான் என்றால் நாளைக்கே கட்டுவேன். அதற்குத்தானா? எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

படவரைஞர், கொட்டகலை:
டீச்சர், முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். வரைபடத்தில் வாகனத் தரிப்பிடம் காட்டியிருக்கிறீர்களா? உங்கள் இடம் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிக்குள் வந்தால், கடைக்கும் வீட்டுக்கும் இத்தனை வாகனத்துக்கு இடம் விட வேண்டும் என்று ஒழுங்குவிதி இருக்கிறது. இடம் விட முடியாதவரிடம் குறையும் ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் சேவைக் கட்டணம் வாங்குவார்கள். பொதுத் தரிப்பிடம் அமைக்கத்தான் அந்தப் பணம். கடிதத்தில் இருப்பது அதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

தலவாக்கலையில் பிறந்தவன், இப்போது சாக்ரமெண்டோவில்:
டீச்சர், நான் இருக்கும் கலிபோர்னியாவில் இதை இம்பேக்ட் ஃபீ என்பார்கள். புதிய வீடு வந்தால் வீதியில் வாகனம் கூடும், பள்ளியில் பிள்ளைகள் கூடுவார்கள், தண்ணீர்க் குழாயின் அளவு போதாமல் போகும். அந்தக் கூடுதல் சுமைக்கான செலவை ஊர் முழுவதன் தலையிலும் கட்டாமல், கட்டுகிறவரிடமே ஒரு தடவை வாங்கிக்கொள்வதுதான் அதன் நியாயம். ஆனால் அந்த நியாயத்துக்குள் ஓர் எல்லையும் இருக்கிறது. புதிய வீட்டால் வரும் தேவைக்கு மட்டுமே கேட்கலாம். ஐம்பது வருடமாக உடைந்து கிடக்கும் வீதியைப் புதிதாக வந்தவரின் காசில் சரி செய்யக் கூடாது, அன்றாடப் பராமரிப்புக்கும் எடுக்கக் கூடாது. இங்குள்ள சட்டப்படி இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஐந்து வருடம் செலவழிக்காமல் வைத்திருந்தால், இன்னும் ஏன் தேவை என்று நகரம் முறையாகக் காரணம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு அடுத்த எல் டொராடோ மாவட்டத்தில் ஜார்ஜ் ஷீட்ஸ் என்பவர் தம் காணியில் ஒரு சிறிய வீடு வைக்கப் போனபோது, வீதிக் கட்டணமாக 23,420 டொலர் கேட்டார்கள். அவருடைய வீட்டால் எத்தனை வாகனம் கூடும் என்று பார்க்கவில்லை. வீட்டின் வகைக்கும் இடத்துக்கும் ஓர் அட்டவணை, அதில் ஒரு தொகை. கட்டிவிட்டு வழக்குப் போட்டார். சபை சட்டமாக நிறைவேற்றிய கட்டணம் என்பதற்காக, சுமைக்கும் தொகைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்ற சோதனையிலிருந்து அது தப்ப முடியாது என்று 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இலங்கையில் செல்லாது. ஆனால் அதே கேள்வியை அங்கேயும் கேட்கலாம் அல்லவா?

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்:
மகள், தம்பி சொல்வது சரி. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய கடதாசி வேறு. மூன்றரை ஏக்கர் என்றீர்கள். அது ஒரு ஹெக்டயருக்கு மேல். பிரகடனப் பகுதியில் அந்த அளவுக் காணியைப் பிரித்தால், வீதி போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். வரைபடத்தில் காட்டிய வீதியையும் வடிகானையும் அமைப்பது பிரித்து விற்றவரின் பொறுப்பு. வெளிநாட்டில் பணமாக வாங்குவதை இங்கே பெரும்பாலும் இப்படிக் காணியாகவும் வேலையாகவும் வாங்குகிறோம். அவர் வேலையை முடிக்காமல் போயிருந்தால், துண்டு வாங்கிய உங்களிடம் அதற்கு இரண்டாவது தடவை கேட்பது நியாயம் அல்ல. உங்கள் துண்டின் விலையிலேயே அந்த வடிகானுக்கும் பணம் கொடுத்துவிட்டீர்கள்.

வாய்ப்பேச்சு வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். எந்தச் சட்டப் பிரிவின்படி இந்தக் கட்டணம், கணக்கிட்ட தாள் எங்கே, எந்தக் கணக்கில் வரவு வைக்கிறார்கள் என்று கேளுங்கள். காணி பிரித்ததற்கு அனுமதித்த வரைபடத்தின் பிரதியையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் வேலை செய்த காலத்தில் இப்படி எழுதிக் கேட்ட கடிதத்தைத்தான் மேசையின் மேலே வைத்திருப்போம்.

ஹட்டன் பக்கத்து டீச்சர் (நான்கு வாரம் கழித்து):
பதில் வந்துவிட்டது. படவரைஞர் ஐயா சொன்னதுதான். முழுத் தொகையும் இரண்டு வாகனத் தரிப்பிடம் குறைந்ததற்கு. வடிகானுக்கு அதில் ஒரு சதம்கூட இல்லை.

அனுமதித்த வரைபடத்தின் பிரதியும் கிடைத்தது. சாப்பாட்டு மேசையில் விரித்து, மகன் அடிமட்டம் பிடிக்க, பார்த்தோம். எங்கள் ஒழுங்கையின் இடது ஓரம் முழுக்க இரட்டைக் கோடு. பக்கத்தில் ‘வடிகான்’ என்று சிறிய எழுத்தில். அந்தக் கோடு லயனைத் தொடாமல் மேலேயே திரும்பி ஓடையில் முடிகிறது. கீழ் மூலையில் ‘பொதுக் காணி’ என்று ஒரு துண்டு. இன்று அதில் யாரோ லீக்ஸ் பயிரிட்டிருக்கிறார்கள். பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பாட்டியின் வாசலுக்குத் தண்ணீர் போகாமல் இருக்க வழி தாளில் ஏற்கனவே போட்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்:
அந்தப் பிரதியை இரண்டாக எடுத்து வையுங்கள். துண்டு வாங்கிய எல்லோரும் கையெழுத்திட்டு, வரைபடத்தில் உள்ள வடிகானை விற்றவரைக் கொண்டு முடிப்பிக்கும்படி சபைக்கு ஒரே கடிதமாகக் கொடுங்கள். லயன் பக்கத்தில் ஏற்கனவே இருக்கும் குறையை உங்கள் கடிதத்தோடு கலக்காதீர்கள், அதற்கு வேறு கடிதம். தோட்டக் குடியிருப்புக்குச் செலவு செய்ய அதிகாரம் இல்லை என்று பிரதேச சபைகள் முன்பு கையை விரித்தன. 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அது சபையின் பொது நிதியில் செய்ய வேண்டிய வேலை, உங்களைப் போல வீடு கட்டுகிறவரின் தலையில் வைப்பதல்ல.

படவரைஞர், கொட்டகலை:
தரிப்பிடத்துக்கு ஒரு வழி இருக்கிறது டீச்சர். முன்பக்கம் ஒரு கடையை விட்டுவிட்டால் அந்த இடத்தில் ஒரு வாகனம் நிற்கும், கடை ஒன்று குறைவதால் தேவைப்படும் இடமும் குறையும். திருத்திய வரைபடம் கொடுத்தால் கட்டணத்தை மறுபடி கணக்கிடச் சொல்லலாம். வாடகை போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன் பக்கத்து டீச்சர்:
ஒரு கடை போதும் ஐயா. வரைபடத்தைத் திருத்தித் தாருங்கள். கடிதத்தில் இதுவரை ஒன்பது துண்டுக்காரர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள், இன்னும் ஐந்து பேர் கொழும்பில். லயனுக்கான கடிதத்தைப் பாட்டியின் பேத்தி எழுதுகிறாள். சாதாரண தரம் படிக்கிறாள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. இரண்டையும் திங்கட்கிழமை சேர்ந்து போய்க் கொடுக்கிறோம், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்ப மாட்டோம்.