ஸ்டிர்லிங்கின் எட்டடிச் சக்கர எஞ்சின்: ஒரே ஒரு சோடி போதும் என்று ஏன் நினைத்தார்கள்?

கேள்வி (சூரமங்கலம்):
வணக்கம். இங்கிலாந்தின் கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காகப் பாட்ரிக் ஸ்டிர்லிங் வடிவமைத்து, டான்காஸ்டர் பணிமனையில் 1870 முதல் 1895 வரை கட்டப்பட்ட 53 எஞ்சின்களைப் பற்றிப் படித்து வருகிறேன். சிறுவயதில் சேலம் ஜங்ஷனில் நான் பார்த்த நீராவி எஞ்சின்களில் பக்கத்துக்கு மூன்று நான்கு சக்கரங்கள் ஒரே தண்டில் பிணைந்து சுழலும். இவற்றிலோ, ஆளை விட உயரமான ஒரே ஒரு சோடிச் சக்கரம்தான் இழுத்தது. இது எதற்காக? நம் டேனிஷ்பேட்டை ஏற்றத்தில் இப்படியோர் எஞ்சின் ஏறியிருக்குமா?

மறுமொழி (ஏற்காடு அடிவாரம்):
எட்டடிச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ ஏழரை மீட்டர் கடந்துவிடும். மணிக்கு 60 மைல் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 210 சுற்றுகள் போதும். ஐந்தடிச் சக்கரமானால் 330 சுற்றுகளுக்கு மேல் தேவைப்படும். பிஸ்டனும் தாங்கிகளும் அந்த அளவுக்குத் தேயாமல் ஓடின. சிலிண்டர்களைச் சட்டத்துக்கு வெளியே வைத்ததால், பாய்லருக்கு அடியில் இடம் பிடித்துச் சுழலும் வளைந்த அச்சு தேவைப்படவில்லை. அதனால்தான் இவ்வளவு பெரிய சக்கரத்தோடும் பாய்லரைத் தாழ்வாக வைக்க முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான். 1895 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அபர்டீன் வரை நடந்த வேகப் போட்டியின்போது, இவ்வகையின் 668ஆம் எண் எஞ்சின் கிரான்தம் வரையான 170 கிலோமீட்டரை 101 நிமிடங்களில் கடந்தது.

மறுமொழி (ஓய்வுபெற்ற ஓட்டுநர், ஜாகீர் அம்மாபாளையம்):
தம்பி, இழுவை என்பது இயக்குசக்கரத்தின் மீது விழும் எடையைப் பொறுத்தது. மழைத்தூறலில் டேனிஷ்பேட்டையைத் தாண்டி லோக்கூரை நோக்கி ஏறும்போது, ஆறு சக்கரங்கள் பிணைந்த எஞ்சினிலேயே சக்கரம் நின்ற இடத்தில் சுழலும். மணல் பாய்ச்சினால்தான் பிடி கிடைக்கும். ஒரு சோடிச் சக்கரத்தோடு பாரவண்டியை அங்கே ஏற்றுவது நடக்காத காரியம். சமதளத்தில் இலகுவான பெட்டிகளை இழுக்கத்தான் அது பிறந்தது. 1880களில் மிட்லண்ட் ரயில்வேயில் நீராவியால் மணலைச் சக்கரத்தடியில் ஊதும் முறை வந்த பிறகுதான், அதன் எஞ்சின் பிரிவுத் தலைவர் சாமுவேல் ஜான்சன் ஒற்றைச் சோடி எஞ்சின்களை மறுபடியும் கட்டத் துணிந்தார்; 1887 தொடங்கி 95 கட்டினார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் பெட்டிகள் கனத்ததே இவற்றை ஓரங்கட்டியிருக்க வேண்டும், அல்லவா?

மறுமொழி (ஏற்காடு அடிவாரம்):
ஆம். கழிவறையும் உணவறையும் சேர்ந்து பெட்டிகள் நீண்டு கனத்தன. 1895இல் ஸ்டிர்லிங் மறைந்தபின் பொறுப்பேற்ற ஐவாட், பிணைந்த சக்கரங்களுக்கு மாறினார். முதலாவதான 1ஆம் எண் மட்டும் தப்பி, இன்று யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது.