மெட்டடார் வேனில் டீசல் கசிவு, இடம் பிடிபடவில்லை

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் ஊரில் இருக்கிறேன். என்னுடையது 1988 மாடல் மெட்டடார் டீசல் வேன். பின்னால் கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கியது. மூன்று வாரமாக டீசல் கசிகிறது.

டேங்கை நிரப்பினால்தான் ஒழுகல். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் தரை காய்ந்து கிடக்கிறது. தனுஷ்கோடி போய் வந்த அன்று, அடியில் விரித்த அட்டை ஒரே ராத்திரியில் ஊறிவிட்டது. காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம். இன்ஜினுக்கு டீசல் ஏற்றும் கைப்பம்பை நாலு தடவை அடிக்க வேண்டியிருக்கிறது. எங்கேயோ காற்றும் இழுக்கிறது போல.

ஃபில்டர் வாஷர், பம்பின் செம்பு வாஷர்கள், மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஓஸ் எல்லாம் புதிது போட்டாயிற்று. லைனைத் துடைத்துவிட்டு முகப்பவுடர் தூவியும் பார்த்தேன். இன்ஜின் பக்கம் சுத்தம், டேங்கின் பின்மூலையில் மட்டும் ஈரம். இந்த உப்புக்காற்று எந்தத் தகரத்தை விட்டுவைத்தது? மேல்தகடு அரித்திருக்குமோ என்று சந்தேகம். ஆனால் அதற்கு நேர் மேலேதான் கட்டில் பலகை. டேங்கை இறக்க மெக்கானிக் இரண்டு நாள் கேட்கிறார். (அடுப்பை இப்போது பற்றவைப்பதே இல்லை, சாப்பாடு கடையில்தான்.)

டேங்கை இறக்காமலே, கசிவு மேல்தகட்டிலா, டீசல் அளவு காட்டும் மிதவையின் கேஸ்கெட்டிலா, டீசல் ஊற்றும் வாய் ஓஸிலா என்று பிரித்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?