ரெண்டு ஆமைக்குட்டி: ஒண்ணு கண்ணையே திறக்கல, தொட்டி எப்படி அமைக்கிறது?

ரெண்டுஆமை, அம்பத்தூர்

கொளத்தூர்ல வாங்கி மூணு வாரம் ஆச்சு. கண்ணுக்குப் பின்னாடி சிவப்புக் கோடு, ஓடு ஒன்றரை இஞ்ச். நடுவுல பிளாஸ்டிக் தென்னமரம் வச்ச டப்பாவுலதான் ரெண்டும் இருக்கு, தண்ணி ஒரு விரல் உயரம். கூடக் குடுத்த காய்ஞ்ச இறாலத்தான் போடறேன். நாலு நாளா ஒண்ணு கண்ண மூடியே இருக்கு, இமை உப்பியிருக்கு, சாப்பிடல. வீட்ல ரெண்டடி கண்ணாடித் தொட்டி ஒண்ணு சும்மா கிடக்கு (நீளம் 2 அடி, அகலம், உயரம் ஒரு அடி). அதுல மாத்தலாமா? மூடியில பழைய எல்இடி லைட் இருக்கு, அது போதுமா?

கடல்நுரை

முதல்ல கண்ணைப் பாருங்க, தொட்டி அப்புறம்.

ஒரு விரல் தண்ணியில ரெண்டு குட்டி தின்னு கழிச்சா அரை நாள்ல அம்மோனியா ஏறிடும். அந்த எரிச்சல்ல கண் வீங்கும். இன்னொரு காரணம் அந்த இறால். அதுல வைட்டமின் ஏ ரொம்பக் கம்மி, அது குறைஞ்சா கண்ணைச் சுத்தி இருக்கிற சுரப்பிகள் தடிச்சு இமை மூடிக்கும். மூணு வாரத்துல சத்துக்குறை இந்த அளவுக்கு வராது, ஆனா கடையிலயும் இதையேதான் தின்னிருக்கும். ஆமை பார்த்துத்தான் கொத்தும், கண் தெரியலன்னா பட்டினிதான்.

அந்தக் குட்டியைத் தனி டப்பாவுக்கு மாத்துங்க. தண்ணி 28 டிகிரி, ஓட்டோட அகலத்துக்குக் குறையாத உயரம், காலை மாலை முழுசா மாத்தணும். ஏறி உலர ஒரு சரிவு கட்டாயம் வேணும். மருந்துக்கடை சலைன்ல பஞ்சை நனைச்சு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை இமையைத் துடைங்க. விரலால பிரிச்சுத் திறக்காதீங்க. ஊறின பெல்லட்டை (கடையில விக்கிற ஆமைத் தீனி உருண்டை) மூக்குல படுற மாதிரி நீட்டிப் பாருங்க, சில சமயம் வாசனைக்கே கொத்தும்.

மனுஷங்க போடுற கண் சொட்டு மருந்து வேண்டாம், சிலதுல ஸ்டீராய்டு இருக்கும். வைட்டமின் ஏ ஊசி, கேப்சூல்னு யாராவது சொன்னா டாக்டர் அளவு சொல்லாம தொடாதீங்க. கூடிப்போனா தோல் உரிஞ்சு வரும். ரெண்டு மூணு நாள்ல தெளியலன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. ஒரு பக்கம் சாய்ஞ்சு நீந்துறது, மூக்குல நுரை, வாயைத் திறந்து மூச்சு விடுறது, இதுல எது தெரிஞ்சாலும் நுரையீரல் சமாசாரம், அன்னைக்கே போகணும்.

தொட்டிக்காரர்

தொட்டி தாராளமாகப் போதும், ஆனால் ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குத்தான். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். நீங்கள் 6 இஞ்ச் தண்ணீர் விடுங்கள், 28 லிட்டர். 'குட்டி மூழ்கிவிடும்' என்று தண்ணீரைக் குறைப்பதுதான் ஆபத்து. ஓட்டின் அகலத்தைவிடத் தண்ணீர் குறைவாக இருந்தால், மல்லாந்த குட்டியால் புரள முடியாது.

அடியில் கூழாங்கல், மணல் எதுவும் வேண்டாம், வெறும் கண்ணாடியே நல்லது. சின்னக் கல்லை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

எல்இடி வெளிச்சத்துக்கு மட்டும்தான். ஆமைக்கு இரண்டு விளக்கு வேண்டும். ஒன்று சூட்டுக்கு: 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு, ஆமை ஏறி உலரும் மேடையின் மேல் 30 முதல் 33 டிகிரி வரும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். கையை வைத்துப் பார்ப்பது போதாது, தெர்மாமீட்டர் வாங்குங்கள். இன்னொன்று 5.0 என்று போட்ட யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு, மேடையிலிருந்து சுமார் ஒரு அடி உயரத்தில். நடுவில் கண்ணாடி மூடி இருந்தால் யூவிபி கீழே இறங்காது. அந்தக் கதிர் இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் தின்ற கால்சியம் ஒட்டாது, ஓடு அழுத்தினால் ரப்பர் மாதிரி அமுங்கும். எரிந்துகொண்டிருந்தாலும் யூவிபி குறைந்துகொண்டே வரும். 6 மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் மாற்றிவிடுங்கள். இரண்டும் பகலில் 10, 12 மணி நேரம், இரவில் அணைத்துவிடுங்கள். விளக்கைக் கிளிப்பை மட்டும் நம்பி விடாமல் கம்பியாலும் கட்டுங்கள், தண்ணீரில் விழுந்தால் ஆமையும் போகும், கை விடுபவரும் போவார்.

மேடைக்குச் சொரசொரப்பான மண் ஓட்டைச் சரிவாக வைத்தாலே போதும், ஆமையின் ஓடு முழுக்க உலரும்படி மேல்பாகம் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். மண் ஓட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் குட்டி நுழைந்து சிக்கும் சந்து இருக்கக் கூடாது. தண்ணீருக்குள் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்துப்போகும்.

ஃபில்டரை மீனுக்கு வாங்கும் கணக்கில் வாங்காதீர்கள், ஆமை பல மடங்கு அழுக்காக்கும். உள்ளே ஒட்டும் வகையில் மணிக்கு 400 லிட்டராவது ஓட்டுவதாகப் பாருங்கள். குறைந்த தண்ணீரில் வேலை செய்யுமா, படுக்கவைக்கலாமா என்று கேட்டு வாங்குங்கள். வேகம் குட்டியைத் தள்ளாமல் இருக்க ஃபில்டரின் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். வாரம் இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் அதிலுள்ள நல்ல பாக்டீரியா குளோரினில் செத்துவிடும், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். புதுத் தண்ணீருக்கு மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி போதும். போர் தண்ணீர் என்றால் அதுவும் தேவையில்லை, ஓட்டில் வெள்ளைக் கறை படியும், அவ்வளவுதான்.

ஹீட்டர் சென்னையில் மார்கழி, தை மாதங்களுக்கு மட்டும். 50 வாட், 27 டிகிரி. ஓட்டை போட்ட பிவிசி குழாய்க்குள் செருகுங்கள், இல்லாவிட்டால் முட்டி உடைக்கும். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்காவிட்டால் தண்ணீருக்கு வெளியே தெரியும் ஹீட்டர் கண்ணாடி வெடித்துவிடும்.

ரெண்டுஆமை

ரொம்ப நன்றி சார். சாப்பாடு என்ன அளவு? யூவிபி விளக்கு வர்ற வரைக்கும் தொட்டியோட மாடி வெயில்ல வைக்கலாமா?

கடல்நுரை

தொட்டியோட வேண்டவே வேண்டாம். கண்ணாடிக்குள்ள யூவிபி வராது, சூடு மட்டும் ஏறும், கால் மணி நேரத்துல வெந்துடும். அகலமான பிளாஸ்டிக் டப், கொஞ்சம் தண்ணி, பாதிக்கு நிழல். காலைல ஏழரை மணி வாக்குல இருபது நிமிஷம். மேல வலை போட்டு நீங்களும் பக்கத்துலயே உட்காருங்க, காக்கா இதுக்குன்னே காத்திருக்கும்.

சாப்பாடு: ஆமை பெல்லட், தினமும் ஒரு தடவை, அதோட தலை அளவுக்கு. இறால் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு, அவ்வளவுதான். கேரட் துருவல், பொடியா நறுக்கின முருங்கைக்கீரை மிதக்க விடுங்க. குட்டியில சீண்டாது, வளர வளரத் தின்னும். பாலக் வேண்டாம், கால்சியத்தைக் கட்டிப்போடும். சோறு, இட்லி, பிரெட் கூடவே கூடாது. கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு கேளுங்க, கணவாய் ஓடுதான். ஒரு நாள் ஊறவச்சு உப்பு போக்கி, முதுகுப் பக்கத்துக் கெட்டித் தோலை உரிச்சுட்டு ஒரு துண்டு போடுங்க. தனி டப்பாவுல தீனி போட்டு அரை மணி கழிச்சு தொட்டிக்கு மாத்தினா தண்ணி இன்னும் கொஞ்ச நாள் அதிகமாத் தாங்கும்.

பச்சைத்தண்ணி

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. வீட்ல அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா ஆமையைத் தொட விடாதீங்க. ஆரோக்கியமான ஆமையோட கழிவுலயும் சால்மோனெல்லா இருக்கும். அமெரிக்காவுல 1975லயே 4 இஞ்சுக்குக் குறைஞ்ச ஆமையை விக்கக் கூடாதுன்னு தடை போட்டது இதனாலதான். தொட்டித் தண்ணியைச் சமையலறை சிங்க்ல ஊத்தாதீங்க, கழிவறையில ஊத்துங்க.

இது சிவப்புக் காது ஸ்லைடர். பொட்டைன்னா 10 இஞ்சுக்கு மேல வளரும், 20 வருஷம் தாண்டியும் இருக்கும். இந்த அளவுல ஆணா பொண்ணான்னு சொல்ல முடியாது. அடுத்து 3 அடி தொட்டி, அப்புறம் 500 லிட்டர் சிண்டெக்ஸ் மாதிரி ஏதாவது வேணும், ரெண்டும் சண்டை போட்டா ரெண்டு. இடம் இல்லன்னா இப்பவே வளர்க்கிற ஆள் யாருக்காவது குடுங்க. புண்ணியம்னு கோயில் குளத்துலயோ ஏரியிலயோ விட்டா, அங்க இருக்கிற நம்ம ஊர் ஆமைங்களான பால் ஆமை, காராமையோட வெயில் காயுற இடத்தையும் தீனியையும் இது பிடுங்கிக்கும்.

ரெண்டுஆமை

தனி டப்பாவுக்கு மாத்திட்டேன். சலைன் வச்சுத் துடைச்சதும் ஒரு கண் லேசாத் திறந்துச்சு, உடனே மூடிக்கிச்சு.

கடல்நுரை

வழி சரிதான். சாயங்காலம் மறுபடியும் துடைங்க. துடைச்ச உடனே பெல்லட்டை நீட்டுங்க, திறந்திருக்கிற அந்த அரை நிமிஷத்துலதான் தின்னும்.