புதுப்பிப்பு: எங்கள் குப்பத்து அறிவிப்புப் பலகை

எண்ணூர்ப் பக்கம் எங்கள் குப்பத்துக்கு எந்தத் தகவலும் நேரத்துக்கு வருவதில்லை, ஊர்ச் சங்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போதைய நிலவரம் இது.

மீன் ஏலக்கூடத்துச் சுவரில் கரும்பலகை வந்துவிட்டது. தண்ணீர் லாரி வரும் நேரம், மின்தடை, புயல் எச்சரிக்கை எல்லாம் விடியற்காலையிலேயே சாக்பீஸில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் மீன் விற்கப் போகும் அக்காக்கள் பலருக்குப் படிக்க வராது. அதனால் அவர்கள் கூடையைத் தூக்கும் முன் கல்லூரி போகும் பெண் ஒருத்தி சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். வாட்ஸ்அப் குழு இதற்கு ஈடாகாது.

அப்புறம் ஒலிபெருக்கி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது, என்ன ஏதென்று தெரியாமலே ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். இனி அப்படி நெடி வந்தால் கோயில் மைக்கில் உடனே சொல்வதென்று முடிவு: ஈரத்துணியால் மூக்கைப் பொத்துங்கள், காற்று வீசும் போக்கிலேயே ஓடாமல் குறுக்கே விலகுங்கள்.

கொசஸ்தலை ஆற்றில் படியும் அனல்மின் நிலையச் சாம்பல் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவும் போட்டாயிற்று. 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் பலகையில் எழுதுவோம், இங்கும் போடுகிறேன்.